உடுப்புக் கொடிக்குக் கீழே

இன்று காலை கிண்ணியாப் பாலத்தில் பஸ் நின்றபோது, பக்கத்து லொறியிலிருந்து ஆட்டு மணம் வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. நீ என் தோளில் இடித்துக்கொண்டு நிற்பதுபோல் ஒரு கணம் இருந்தது. உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனதை அந்தக் கணம் மறந்தே போனேன்.

நாமிருவரும் படித்தது நிலத்தடி நீர் தேட. மண்ணுக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாகக் காட்டும் அந்த ராடார் வண்டிலை, துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் கந்தோரிலிருந்து நீதிமன்ற உத்தரவோடு ஏற்றிப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. இலங்கைத்துறைக்கு அங்கால் ஒரு வீடு. மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றான் கணவன். போகவில்லை என்றாள் அவளைப் பெற்றவள்.

அவன் எங்களுக்குக் கதிரை போட்டான், தேத்தண்ணி தந்தான். "மிஸ், இது எவ்வளவு ஆழம் பார்க்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

வளவின் பின்பக்கம் கொடி நிறைய ஒரு பெண்ணின் உடுப்புகள், ஈரம் சொட்டச் சொட்ட. நீ அவனைப் பார்த்தாய்.

"அவ வந்தா உடுக்கத்தானே. பூஞ்சணம் பிடிக்கும் எண்டு கிழமைக்கொருக்கா தோய்ச்சுப் போடுறனான்."

அந்த உடுப்புகளுக்குக் கீழால்தான் நான் வண்டிலைத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு சட்டைக்கை என் கழுத்தைத் தடவிப் போனது. உச்சி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. "குனிஞ்சு வாடி, நான் படத்தப் பாத்துக்கொள்றன்" என்றாய். திரையில் பாய் விரித்ததுபோல் ஒழுங்காக ஓடிய மணல் வரிகள், கொடிக்கு நேர் கீழே அறுந்து கிடந்தன.

கூட வந்த பொலிஸ்காரர்கள் தோண்டினார்கள். ஆட்டின் எலும்புகள் வந்தன.

அவன் சிரித்தான். "செத்த ஆடு ஐயா. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன்."

இன்ஸ்பெக்டர் குழியை மூடச் சொன்னார். நீ திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"மூட வேணாம் ஐயா. ஆட்டோட குழி முடியல்ல. ரெண்டு பக்கச் சுவரும் இன்னும் கீழ போகுது. ஒரு ஆட்டுக்கு யாரும் இவ்வளவு ஆழமாத் தோண்டுவாங்களா?"

அவன் சிரிப்பு நின்றது. ஓடவில்லை, கத்தவில்லை. கொடியிலிருந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்தோடே மடிக்கத் தொடங்கினான். பொலிஸ்காரர்கள் மறுபடி தோண்டினார்கள். மண்வெட்டி நின்று, கையால் மண்ணை விலக்கி, ஒரு வளையல் தெரிந்தபோதும் அவன் மடித்துக்கொண்டுதான் இருந்தான். விலங்கு மாட்ட, கையிலிருந்த சட்டையை வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

அவன் இப்போது மறியலில், கம்பிகளுக்குப் பின்னால். எனக்கு அவன் முகம் மங்கிவிட்டது. மங்காதது அந்தத் தாய் உன்னிடம் வந்து நின்றது.

"போன கிழமையும் வந்தனான், பிள்ளை. இந்தக் கொடிக்குக் கீழ நிண்டுதான் அவளின்ர சட்டையைப் பிடிச்சு அழுதனான். என்ர மகளை நான் மிதிச்சனானோ?"

நீ அவர் கையைப் பிடித்தாய். "இல்ல அம்மா. நீங்க நிண்டது அங்கால. மகள் உங்களுக்குப் பக்கத்திலதான் இருந்திருக்கா."

நான் திரையைப் பார்த்தேன். கொடியின் நீளம் முழுக்கக் குழிதான். அங்கால் என்று ஓர் இடமே இல்லை.

திரும்பும் வழியில் மூதூர் தாண்டிய பிறகு, "அறிக்கையில குழியோட நீளத்த எழுதிப்போடாத" என்றாய்.

எழுதவில்லை. உனக்குப் பிறகும் என்னைக் கூப்பிடுகிறார்கள்; போன மாதம் வெருகல் பக்கம். எங்கே போனாலும், வண்டிலை இறக்க முன்னம், தேடி வந்த சொந்தக்காரரை வேலிக்கு வெளியே நிற்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்பார்கள். மெசினுக்கு இடைஞ்சல் என்பேன். அவர்கள் கால்களைப் பார்த்தபடி பின்னால் நகர்வார்கள். கடைசி ஆளும் வெளியே போகும்வரை, நான் அந்த வளவுக்குள் கால் வைப்பதில்லை.