அப்பாவாலா ரோல்

உங்கள் அண்ணன் இந்த வருடமும் கோயம்புத்தூரிலிருந்து தினசரிக் காலண்டர் அனுப்பியிருக்கிறார். நீங்கள் இல்லாத வீட்டுக்கு நல்ல நேரமும் ராகு காலமும் எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. சமையலறையில் அதே ஆணியில் மாட்டினேன். காலையில் நேற்றைய தாளைக் கிழித்தேன், கசக்கிப் போட மனம் வரவில்லை. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் அங்கேதான் வைப்பீர்கள்.

பாப்பாவைப் பள்ளியில் சேர்த்ததும் கம்பெனியில் சொல்லி நிரந்தரமாக இரண்டாவது ஷிப்டு வாங்கிக்கொண்டீர்கள். இந்த ஆகுர்டித் தொழிற்பேட்டையில் எவரும் தானாகக் கேட்டு வாங்காத ஷிப்டு. நான் காலையில் பாடம் நடத்தப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். ஒன்றரை மணிக்கு வேன் அவளை இறக்கிவிடும். இரண்டு மணிக்கெல்லாம் உங்கள் கம்பெனி பஸ் முக்கில் வந்து ஹார்ன் அடிக்கும். அதற்குள் அவள் ஷூவைக் கழற்றி, கை கழுவ வைத்து, சூடாக ஒன்றைச் செய்து கையில் கொடுத்து, மேல்வீட்டு மராட்டிக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு ஓட வேண்டும். பாப்பா அவரைச் சித்தி முறைக்குக் காகு என்று கூப்பிடுவாள்.

நான் விடிகாலையில் சுட்டு டப்பாவில் வைத்துவிட்டுப் போன சப்பாத்திதான். அதைத் தோசைக்கல்லில் போட்டு, உள்ளே எதையோ வைத்துச் சுருட்டி, அடிப்பக்கம் காலண்டர் தாளைச் சுற்றி முறுக்கிவிடுவீர்கள். யூனிஃபார்மில் வழியாது. சூடு பார்க்க முதல் கடி நீங்கள் கடிப்பீர்கள். பாப்பா இதைச் சொன்ன அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"எச்சில் பண்ணி ஏனுங்க குழந்தைக்குக் குடுக்கறீங்க?"

"அவ நாக்கு பொத்துப் போச்சுன்னா நீயா வந்து ஊதப் போற?" என்றீர்கள்.

எனக்கு எல்லாம் கேள்வி ஞானம்தான். ஒரு நாளாவது அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டுங்கள் என்றால் மாட்டேன் என்பீர்கள். "அது எங்க ரெண்டு பேரு சமாச்சாரம் அம்மிணி. தொழில் ரகசியம்." பாப்பா உங்கள் காலைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். எங்கே போய்விடப் போகிறார், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்ற தெம்பு.

போன வருடம் அந்த நாளிலும் ரோல் செய்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்களோடு வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள். ஊரிலிருந்து ஆட்கள் வருவதற்குள் யாரோ நல்ல மனதோடு வீட்டைப் பெருக்கிக் குப்பைக்கூடையைக் கொட்டிவிட்டார்கள். அதில்தான் எண்ணெயும் உள்ளே வைத்ததன் தூளும் படிந்த காலண்டர் தாள் கிடந்திருக்கும். அது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆயிற்று.

காரியங்கள் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, மதியத்தோடு முடிகிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொண்டேன். பாப்பா வருவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் நாள் உருளைக்கிழங்கை மசித்து வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தாள். தட்டில் வைத்துவிட்டாள்.

"இது அப்பாவாலா இல்ல."

இந்த ஊரில் பிறந்த பிள்ளை, அவள் தமிழில் பாதி ஹிந்தி. அப்பா செய்வது இது இல்லை என்கிறாள்.

"அப்பா உள்ள என்ன கண்ணு வெப்பாரு?"

"ஆலூ வெக்கமாட்டாரு. மொறுமொறுன்னு இருக்கும்."

"மொறுமொறுன்னா? அப்பளமா?"

"இல்ல. அப்பாவாலா." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நானும் விடவில்லை. அப்பளத்தை நொறுக்கி வைத்தேன். வேர்க்கடலை, சேவ், பச்சை முட்டைக்கோஸ், கருக வறுத்த வெங்காயம், எல்லாம் வைத்தேன். ஊருக்கெல்லாம் பரீட்சை வைக்கிறவள், வீட்டில் தினமும் ஃபெயில். முதல் கடி கடித்துக் கொடுத்தால், "நீ ஏன் தின்ன?" என்று தட்டிவிட்டாள். காகுவிடம் போய்க் கேட்டேன். நெய் வாசனையும் சீரக வாசனையும் மாடி வரைக்கும் வரும், உள்ளே என்ன என்று யார் கண்டார்கள் என்றார். உன் மகள் யாருக்காவது ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தால்தானே என்றும் சொன்னார். நெய்யும் சீரகமும் போட்டுப் பார்த்தேன். அதுவும் அப்பாவாலா இல்லை. பிள்ளை எலும்பும் தோலுமாக ஆனாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

அப்போது உங்கள் மேல் வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்லி அழுவது? வீட்டைப் பூட்டிச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு காய்ந்த சப்பாத்திக்குள் அப்படி என்ன தொழில் ரகசியம் வேண்டிக் கிடந்தது? சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? செத்த மனிதரோடு அடுப்படியில் நின்று சண்டை போட்டேன். பதில் சொல்லாமல் ஜெயிப்பது உங்களுக்குப் புதிதில்லை.

பிறகு பருப்பு சாதமும் கையுமாக அவள் பின்னால் அலைந்து எப்படியோ நாள் நகர்ந்தது. ரோல் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்று மதியம் அந்தத் தாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. காலையில் பூரிக்குச் செய்த கிழங்கு மீதி இருந்தது. எதையும் யோசிக்கவில்லை, பசி நேரத்துக்கு ஆகட்டும் என்று சப்பாத்தியில் வைத்துச் சுருட்டினேன். தாளைச் சுற்றி முறுக்கினேன். சூடு பார்க்க ஒரு கடி கடித்துவிட்டு நீட்டினேன். தட்டிவிடவில்லை. ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, முழுவதையும் தின்றாள். விரலைக்கூட நக்கினாள்.

"அம்மா, இது அப்பாவாலா மாதிரியே இருக்கு."

அடுப்பை அணைத்தேன்.

"அப்படியா கண்ணு? அப்பாவும் ஆலூதான் வெப்பாரா?"

"ஆமா. இதே மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்ல? குழந்தை பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நீங்கள் முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் அவள் நாக்கில் மிச்சம் இருந்தீர்கள். அதனால்தான் நான் செய்ததையெல்லாம் அந்த நாக்கு துப்பியது. இன்று என் கையாலேயே அதையும் துடைத்து எடுத்துவிட்டேன். பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டாளே என்று சந்தோஷப்பட வேண்டும், தெரிகிறது. முடியவில்லை. நாளைக்கும் இதையே கேட்பாள், நானும் செய்து கொடுப்பேன். பெரியவளானதும், எங்கள் அப்பா செய்து கொடுத்த ரோல் என்று நாலு பேரிடம் இந்தக் கிழங்கைத்தான் சொல்லப் போகிறாள்.

உங்கள் ரோலுக்குள் ஏதோ மொறுமொறுவென்று இருந்தது. இனி அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அதை ஒரு வாய்கூடத் தின்று பார்க்காத நான்.