தண்டை இரண்டு முறை தட்டியவனுக்கு

போன வாரம் உன் ஷெட்டைத் திறந்தேன். பழைய பெட்ரோலும் ரப்பரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே வயிறு கலங்கிவிட்டது. செத்துப்போன சிநேகிதனை நினைத்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கு வயிறு. நீ என்னைப் பழக்கிவைத்தது அப்படி.

லாரி டயரின் மேல், உன் கட்டம்போட்ட லுங்கியைப் போர்த்திக்கொண்டு எஞ்சின் உட்கார்ந்திருந்தது. எதிரே உன் வண்டு கார், வண்டு மாதிரி முதுகு வளைந்து, எஞ்சினைப் பின்னால் சுமக்கிற பழைய வெளிநாட்டு வண்டி. எஞ்சின் இருக்க வேண்டிய பின்பக்கம் பொந்தாகக் கிடந்தது. கிளட்ச் தட்டை மாற்றத்தான் கழற்றினோம். புதுத் தட்டு கூரியரில் வருவதற்குள், நெல் மண்டியில் மூட்டைமேல் சாய்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். பிரிக்காமல் பீரோமேல் வைத்துவிட்டு, இந்த ஷெட் பக்கம் தலையே திருப்பாமல் இருந்தேன்.

உன் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, இத்த முழுசாக்கிக் குடுத்தீங்கன்னா நான் ஓட்டுவேன். இல்லன்னா பொங்கலுக்குள்ள பழைய இரும்புக்காரன் எடுத்துக்கினு போவட்டும். இப்படி அரையும் கொறையுமா தெனம் என்னால பாக்க முடியல."

அதற்கென்னம்மா, மாட்டிவிட்டால் போகிறது என்று சொன்னது என் வாய். முழங்காலை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாம் அதைக் கழற்றிய கதையை உத்திரமேரூர் டீக்கடைகளில் இன்னும் பேசுகிறார்கள். சொல்லச் சொல்ல என் அலறலின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. அவ்வளவு பெரிய எஞ்சினை நாலே போல்ட்டுதான் பிடித்திருக்கிறது என்று நீ சொன்ன அன்றே எனக்குத் தூக்கம் போயிற்று. அதுவரை அந்த நாலை நம்பி உன்னோடு காஞ்சிபுரம் போய்வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

போல்ட்டைக் கழற்றி, எஞ்சினைப் பின்னுக்கு இழுத்து, ஜாக்கியில் தரைக்கு இறக்கினோம். ஆனால் காரின் அடியிலிருந்து அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால், காரின் பின்பக்கத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். நம்மிடம் அதற்கு எந்திரம் ஏது? பெருமாள் கோயிலில் சாமி தூக்குகிறவர்களைக் கூட்டி வந்தாய். கருட சேவைக்கே அசராத தோள்கள் என்றாய். அவர்களின் தலைவர் பலராமன் அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இன்னா நைனா, மாலை கீலை ஒண்ணும் இல்லியா?" என்று உன்னைக் கேட்டார். பின்பக்கத்தில் குறுக்காக, சாமி தூக்கும் நீண்ட மரத்தண்டு ஒன்றைக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்தார்கள். கார் முனகாமல் எழுந்தது.

ஏதாவது கம்பி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒருவன் அடியில் போக வேண்டும். தொப்பை இடிக்கும் என்று நீ சொன்னாய். என் தொப்பையும் அதே அளவுதான், ஆனால் நீ முந்திக்கொண்டாய். நான் மல்லாந்து ஊர்ந்தேன். நீ பக்கவாட்டில் குந்தி, என் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாய்.

இன்னொரு கைதான் வினை. மண்டியில் மூட்டைகளைத் தட்டித் தட்டிப் பழகிய கை அது. பயத்தில் சும்மா இருக்க முடியாமல் தண்டை இரண்டு தட்டுத் தட்டியது. கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தாயாம். சாமி தூக்குகிறவர்களுக்கு இரண்டு தட்டு என்றால் 'நட' என்று அர்த்தம். அப்பன் காலத்திலிருந்து பழகிய கால்கள், கேள்வி கேட்காமல் நடந்தன.

கை பிரேக் போட்டிருந்தோம், இல்லை என்று சொல்லவில்லை. அந்த பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்சக்கரங்கள் அந்தரத்தில் இருந்தன. முன்சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க இரண்டு மேதைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூக்குக்கு மேலே இருந்த இரும்பெல்லாம் நகர்ந்தது. யாராவது ஒருவர் தோள் நழுவினால் நான் அப்பளம். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது காரே இல்லை, ஒரே வெளிச்சம். செத்துவிட்டேன் என்று முடிவுகட்டித்தான் அலறினேன். உன் கார் லேசாக ஆடியபடி, புறப்பாடு மாதிரி, வேப்பமரம் வரைக்கும் போய் நின்றது.

நீ என் காலை விடவே இல்லை. உன் கை நடுங்கியதில் என் கால் ஆடியதா, என் கால் நடுங்கியதில் உன் கை ஆடியதா, தெரியவில்லை. "பயமா கீதுடா" என்றாய். எனக்கும்தான் என்றேன்.

"அப்ப சரி. ரெண்டு பேரும் பயந்துக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது. ஒருத்தன் தைரியமாயிட்டான்னாதான் பேஜாரு."

பார்சலைப் பிரித்துப் புதுத் தட்டைப் பொருத்தி, போன ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்களை வைத்து எஞ்சினை மாட்டினோம். அன்றைக்குக் கார் என்னைவிட்டுப் போனது. இந்தத் தடவை எஞ்சினோடு தரையில் கிடக்கும் என்மேல் அது வர வேண்டும், யோசித்துப் பார். பின்னோக்கி நடந்து பழகாத ஆட்கள், ஒவ்வொரு அடியாக. "எவனாச்சும் தண்டத் தொட்டீங்க, நான் வூட்டுக்குப் போயிடுவேன்" என்று பலராமன் அண்ணன் பொதுவாகச் சொன்னார், ஆனால் பார்த்தது என்னை. உன் மனைவி என் கணுக்காலில் தாம்புக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஏதாவது என்றால் இழுத்துவிடுவாளாம். மாட்டுக்குக்கூட இதைவிட மரியாதையாகக் கட்டுவார்கள். முதலில் பம்பர் வந்தது, அப்புறம் இருட்டு.

பின்பக்கத்தை மரக்கட்டைகள்மேல் இறக்கிவைத்தார்கள். ஜாக்கியில் எஞ்சினை ஏற்றினேன். கியர் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல் வைத்த தண்டு, புதுத் தட்டின் நடுத்துளைக்குள் பல்லுக்குப் பல் நுழைய வேண்டும். நுழையவில்லை. ஒரு விரல் இடைவெளி அப்படியே நின்றது. போல்ட்டை முடுக்கி இழுத்தால் உடைந்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். எஞ்சினைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தேன். மேலே ஒரு கட்டை கிறீச்சென்றது. டேய், எங்கேடா போனாய் என்று உன்னைத் திட்டினேன், சத்தமாகவே. அப்போது பிடித்த நடுக்கம் இருக்கிறதே, தலை முதல் கால் வரை. கயிற்றின் மறுமுனையில் அவளுக்கே தெரிந்திருக்கும். என்னோடு எஞ்சினும் நடுங்கியது. நடுங்கி நடுங்கி, டக் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

என் திறமை என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். நீ காட்டிக்கொடுக்க மாட்டாய்.

நாலு போல்ட்டையும் முடுக்கினேன். இன்னொரு தடவை முடுக்கினேன். அப்புறம் பயத்துக்காக ஒரு தடவை. பெட்ரோல் குழாயைப் புதிதாகப் போட்டிருந்தும், அவள் சாவியைத் திருப்பும்போது மணல் வாளியோடு தள்ளி நின்றேன். இருமியது, புகைந்தது, உன் வண்டு பழையபடி தடதடவென்று பேச ஆரம்பித்தது. அவள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறுங்க என்றாள்.

மாகறல் ரோட்டில் அவள் உன்னைவிட வேகம். பக்கத்து சீட்டில் நான், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"பயமா கீதாண்ணா?"

"உனக்கு இல்லியாம்மா?"

"எனக்கின்னா பயம்? அதான் நீங்க கீறீங்களே."

ஒருத்தி தைரியமாகிவிட்டாள். பின்னால் அந்த நாலு போல்ட்டும் அசைகிற சத்தம் வருகிறதா என்று மாகறல் வரைக்கும் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்காகக் கொஞ்ச தூரம் பயந்தேன், மீதி தூரமெல்லாம் உன் பங்குக்கு.