சகலையின் பெட்டிக்கு வந்த காய்ச்சல்

யோவ் சகலை,

கல்வராயன் மலைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்த மடலில் வரப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீர் இருந்திருந்தால் நீரே நம்பமாட்டீர். கதை முழுக்க நீர் கூடவே நின்றீர் என்பது வேறு விஷயம்.

இப்போது என் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதறினால் அடுத்த விரலுக்குத் தாவுகிறது. உம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வசந்திக்கு இன்னொரு கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், உம் பெண்டாட்டிக்கு ஒன்று போதவில்லை. கல்யாண வீடியோக்கள் வரிசையில் நிற்கின்றன. உதவிக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கப்போகிறாள். ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இறக்கவேண்டிய கூலரின் அடியிலிருந்து இந்தத் தாளை உரித்தேன். புதுப் பிளாஸ்டிக் வாசனை குப்பென்று அடித்தது. நீர் உள்ளே வந்தது மாதிரி இருந்தது. உம் வீடு பூரா அந்த வாசனைதானே!

அக்கா எனக்கு, தங்கச்சி உமக்கு. அப்படிச் சேர்ந்த சகலைகள் நாம். புதுப் பொருளின் உறையைப் பிரிப்பதில்லை என்று விரதம் பூண்டவர் நீர். ஃப்ரிட்ஜ் கதவில் தாள். ரிமோட்டுக்கு உறை. கைக்கடிகாரக் கண்ணாடியில் வந்த தாள் அப்படியே இருந்ததால், உம்மிடம் நேரம் கேட்டவர்கள் உத்தேசமாகத்தான் வாழ்ந்தார்கள். வண்டி சீட்டுக்கு ஷோரூமில் போட்ட பாலிதீன் கவர், கிழிந்த இடமெல்லாம் செல்லோ டேப். வெயிலில் நின்றால் அதில் கை வைக்க முடியாது. "உங்க வண்டில உக்கார்றதுக்கு அடுப்புமேல உக்காரலாம்" என்று வசந்தி டவுன் பஸ்ஸுக்கு நடந்துவிடுவாள். நீர் அசையமாட்டீர். "பிரிச்சா பழசாய்டும் சகலை." அவ்வளவுதான் உம் வேதம்.

வசந்தி கள்ளக்குறிச்சி ஸ்டுடியோ வேலையை விட்டு நின்ற சமயம் அது. இனி வீட்டிலேயே வீடியோ எடிட்டிங் என்று முடிவு. முதலாளி சிரித்துக்கொண்டே, "போய்ட்டு வாம்மா, உன் சேரை காலியா வச்சிக்கினு இருக்கேன்" என்றாராம். அந்தக் காலி நாற்காலி அவள் மண்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் ஆர்டர், சின்னசேலத்துக் கல்யாணம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் கிளம்புகிறார். அதற்குள் வீடியோ கையில் வேண்டும்.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் பாகங்களைத் தருவித்து நீரே பூட்டினீர். ஸ்குரூ எடுத்துக் கொடுக்கும் உயர்பதவி எனக்கு.

வசந்தி காட்சிகளையெல்லாம் கோத்து, முழு வீடியோவாக்கும் பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் ப்ராசஸர் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி என்று ஏறியது. டப். பெட்டி அணைந்தது. மாப்பிள்ளை கையில் தாலியோடு இருட்டில் நின்றார். மறுபடி போட்டோம். மறுபடி தாலி கட்டவில்லை.

அந்த அனலில் சங்கராபுரம் வரைக்கும் துவைத்துப் போட்ட துணி காய்ந்தது. பெட்டியின் மேல்மூடியில் நான் முறுகலாகத் தோசை வார்த்தேன். எதிர்வீட்டுக் கோழி அன்று முட்டையை அவித்தே போட்டது.

பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தோம். தூசி ஊதினோம், புதுப் பெட்டியில் ஏது தூசி? கூலர் ஃபேனும் ஒழுங்காகத்தான் சுற்றியது.

"கூலரைக் கழட்டிப் பாப்பமா?" என்றேன்.

"பூட்டுனதை இன்னாத்துக்குய்யா கழட்டறது? புதுசு அது! நம்ம ஊரு வெயிலு ஜாஸ்தி, அதான். வா, மலைக்கு இட்டுக்கினு போலாம்."

வெள்ளிமலை பஸ்ஸில் பெட்டிக்கு ஜன்னல் ஓர சீட்டு. கண்டக்டர் கேட்டார்:

"இன்னாங்க பெட்டி இது?"

"பேஷண்டுங்க. கடும் காய்ச்சல்" என்றீர்.

"பேஷண்டுன்னா முழு டிக்கெட்டு. பெட்டின்னா லக்கேஜு. எதுன்னு ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

மலையில் அப்படியொரு குளிர். என் மீசை உறைந்து பாதி ஒடிந்தது. கரடி ஒன்று கம்பளி இரவல் கேட்டு வந்தது. அந்தக் குளிரில் பெட்டியைப் போட்டோம். தொண்ணூற்றெட்டு. டப்.

கூட வந்திருந்த வசந்தி, திரையைப் பார்த்தபடி, "உடுங்க மாமா. திங்கக்கிழம ஸ்டுடியோவுக்கே போயிடறேன்" என்றாள். அழவில்லை. அதுதான் உமக்குத் தாங்கவில்லை.

பெட்டிக்குள் கையை விட்டீர். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி கூலரின் தகடுகளைத் தொட்டீர்.

"சகலை... இது ஜில்லுனு கீதுய்யா."

"ஜில்லுனா நல்லதுதான?"

"இன்னா நல்லது? உள்ள தொண்ணூத்தெட்டு, மேல ஜில்லு. அப்ப சூடு மேல வரவே இல்ல. நடுவுல இன்னாவோ அடைச்சிக்கினு கீது."

நீரே ஸ்குரூவைக் கழற்றினீர். கூலரைத் திருப்பினீர். அடியில், சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட்டுக்குப் பின்னால், பளபளவென்று ஒரு தாள். பூட்டுமுன் உரிக்கவும் என்று இங்கிலீஷில், சிவப்பு எழுத்தில்.

வசந்திதான் கேட்டாள். "இதையும் பிரிச்சா பழசாய்டுமா?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நீர் தாளை உரித்தீர். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, கூலரை இறுக்கினீர். சூடு அறுபது, அறுபத்தைந்து என்று ஏறி அங்கேயே நின்றது. மாப்பிள்ளை ஒருவழியாகத் தாலி கட்டினார். நாம் மூவரும் எழுந்து நின்று அட்சதை போட்டோம்.

நீர் போய் ஒரு தீபாவளி கடந்தாயிற்று. வசந்தி ஃப்ரிட்ஜ் தாளை உரித்துவிட்டாள். ரிமோட் உறையும் போயிற்று. உம் கைக்கடிகாரத்துத் தாளை மட்டும் தொடவில்லை. அந்தப் பழைய பெட்டி இன்னும் பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காய்ச்சலில்லாமல்.

சரி, இனி உண்மை. தோசை பொய். கோழி பொய். கரடி வரவில்லை. கல்வராயன் மலையையே கதைக்காக வாடகைக்குத்தான் எடுத்தேன். பெட்டி உம் கூடத்தை விட்டு நகரவில்லை. வேடிக்கை என்னவென்றால், நம் சொந்தக்காரர்கள் இதையெல்லாம் நம்பிவிட்டார்கள். கூலர் தாளைக் கேட்டதும், அவர் செய்யக்கூடிய ஆள்தான் என்றார்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால்தான், "மாமா, கதை வுடாதீங்க" என்கிறார்கள்.

ஞாயிறு காலை வசந்தி பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நீர் வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தீர். ஸ்டாண்டு போட்டீர். செல்லோ டேப்புக்கு அடியில் நகத்தை விட்டு, சீட்டுக் கவரைச் சர்ரென்று ஒரே இழுப்பாகக் கிழித்தீர். அதைச் சுருட்டி என் கையில் திணித்தீர்.

"ஏறு" என்றீர் அவளிடம்.

அவள் சீட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். "சுடல" என்றாள். சின்னசேலம் வரைக்கும் உம் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனாள்.

அந்தக் கவர் இன்னும் என் வண்டிப் பெட்டியில் கிடக்கிறது. நம்பாதவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். இவ்வளவு பெரிய கதைக்கு அது ஒன்றுதான் சாட்சி, சகலை.