மடித்துக் கொடுத்த போர்வை

ஜூன் கடைசி ஞாயிறு, இரவு.

புதன்கிழமை நான் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தின் தலைவியாகப் பதவி ஏற்கிறேன். விழா மலருக்கு, மலைவாசிகளுக்குப் போர்வை கொடுக்கும் படம் வேண்டுமென்று இப்போதைய தலைவர் என்னைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். காரில் ஒரே ஒரு போர்வைதான் இருந்தது.

"மீதி எங்க சார்?"

"படத்துக்கு ஒண்ணு போதும்மா. ஆள மாத்திக்கினே எடுத்துக்கலாம். வருசா வருசம் இப்படித்தான்."

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெரியவரிடம் போர்வையை நீட்டிச் சிரித்தேன். படம் எடுத்ததும், யாரும் கேட்காமலே அவர் அதை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவருக்குப் பழகிவிட்டது, பாவி மனுசன்! அப்புறமும் மூன்று பேருக்கு நீட்டினேன், சிரித்துக்கொண்டே.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது தலைவர் போர்வையை என் மடியில் வைத்தார். "இனிமே உங்க வருசம்மா, பத்திரமா வெச்சிக்கிங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.