ஜமுக்காளம் தின்ற எதிரொலி

மன்னார்புரத்தில் காது பரிசோதிக்கும் அந்தச் சின்ன அறைக்குள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது முதலில் வந்தது வாசனைதான். புதுக் காரின் சீட்டில் வருமே, ஸ்பாஞ்சும் பசையும் கலந்தாற்போல, அந்த வாசனை. சுவரிலும் கூரையிலும் முட்டை அட்டைபோல மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிறத்தில் எதையோ ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் "இங்க பாரும்மா" என்றேன். சொன்ன சொல் வாயைத் தாண்டியதுமே காணாமல் போயிற்று. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். நீயாக இருந்தால் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருப்பாய். "இந்த ரூமுக்குக் காது மட்டும்தான்டி, வாயே இல்ல" என்றிருப்பாய்.

நான் தட்டவில்லை. தட்டினால் பரிசோதனை கெட்டுவிடுமோ என்று பயம். இப்போது எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆகிறது. குக்கர் விசிலடித்தால் திரும்புவதில்லை. ஒருநாள் தெருவில் ஐஸ் வண்டி மணிக்குத் திரும்பினாள், மறுநாள் அதே மணிக்குத் திரும்பவில்லை. அந்த அறையிலும் அதே கதைதான். ஸ்பீக்கரில் என்னென்னவோ ஒலிகள் வந்தன. அவள் என் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பரிசோதித்த பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்து, "இப்பவே எதுவும் சொல்ல முடியாதுங்க. காதுல விழுந்தும் திரும்பாம இருக்கலாம். திங்கக்கிழமை தூங்க வெச்சுக் கொண்டு வாங்க, வேற டெஸ்ட் ஒண்ணு இருக்கு" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. பாப்பா தூங்குகிறாள், உனக்கு எழுதுகிறேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம்தான், நான் உண்டாகியிருப்பதை உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று பொத்திவைத்திருந்தேன். சொல்ல முடியாமலே போயிற்று. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், தெரியுமா? உன்னைப் போலவே, எதைக் கொடுத்தாலும் முதலில் தரையில் போட்டு என்ன சத்தம் வருகிறதென்று பார்ப்பதுபோலத்தான் இருக்கும். அவளுக்கு அது கேட்கிறதா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் நீ பிசிக்ஸ், நான் காமர்ஸ். நாம் பழகியதற்கு என் ஊர் மணப்பாறை என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஹாஸ்டலுக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுவருவேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நீ முறுக்கையும் தின்றுவிட்டு, காலிக் கவரையும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வாய். எதற்கென்று ஒருநாள் மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைச் சந்தில்தான் தெரிந்தது. கவரை ஊதிப் பிடித்து சுவரில் 'பட்'டென்று அறைந்தாய். இன்னொரு கையில், சத்தத்தைப் பதிவுசெய்ய, போனைத் தூக்கிப் பிடித்திருந்தாய்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, வெடி வெடிக்கிறதுன்னா தீபாவளிக்கு வாங்க!"

"அண்ணே, உங்க சந்து நல்லாப் பாடுதுண்ணே."

"சந்து பாடி என்ன பிரயோசனம்? துணி எடுக்க ஆளு வரணும்ல?"

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். நீயோ அங்கேயே நின்று எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரு சத்தம் பிறந்த பிறகு ஒரு இடத்தில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது, எந்தப் பக்கம் போய் முட்டிக்கொண்டு வருகிறது, அதுதான் உனக்கு வேண்டுமாம். அதன்பிறகு சத்திரத்து முற்றம், பழைய மண்டபம், வற்றிய படிக்கிணறு என்று எங்கே போனாலும் கவர் வெடித்தது. முறுக்கு எத்தனை கொண்டுவந்தாலும் போதவில்லை.

வேலைக்குப் போன பிறகும் நீ விடவில்லை. கொள்ளிடக் கரைப் பக்கம் வட்டமாகச் செங்கல்லில் கட்டிய பழைய நெற்களஞ்சியம் ஒன்றுக்கு எப்படியோ அனுமதி வாங்கினாய். உள்ளே கவர் வெடித்ததும் சத்தம் கூரை வரை ஏறி, சுவரைச் சுற்றிவிட்டு, ஆற அமர இறங்கி வந்தது. உன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கென்றே ஒன்றைச் செய்தாய். உன் வயலின், இன்னொருத்தி கடம், ஒருவர் சங்கு. ராகமில்லை, தாளமில்லை. ஒரு ஒலி எழுப்பிவிட்டு அது சுவரில் கரைகிறவரை காத்திருந்து அடுத்தது. கச்சேரி என்று யாராவது சொன்னால் திருத்துவாய். "வாசிக்கிறது கட்டடம். நாங்க சும்மா தட்டிக் குடுக்கிறோம்."

அந்த மாலைக்கு உங்கள் வீதியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். சத்தத்தைப் பற்றி அத்தனை அளந்து வைத்திருந்த நீ ஒரு காரியம் செய்திருந்தாய். வந்தவர்களை வெறுந்தரையில் உட்கார வைக்கக்கூடாதென்று, பந்தல்காரரிடம் சொல்லி உள்ளே முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தாய். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நீ வில்லை இழுத்தாய். ஒலி வந்தது, நின்றது. அவ்வளவுதான். வட்டச் சுவரில் ஒன்றுமே நடக்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்த மாமி பக்கத்து மாமியிடம் கேட்டாள். "ஏண்டி, இது சுருதி சேர்க்கறாளா, ஆரம்பிச்சுட்டாளா?"

"தெரியலையே. நீ கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? அவ அம்மாவைக் கேளு."

நீ வில்லைத் தாழ்த்திவிட்டுத் தரையைப் பார்த்தாய். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாய். "மாமி, எல்லாரும் எழுந்துக்கோங்கோ. என் எதிரொலியை ஜமுக்காளம் தின்னுடுத்து!" ஆளுக்கொரு பக்கமாக நாங்கள் சுருட்டினோம். மறுபடி வாசித்தாய். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் போதவில்லை. மனிதர்களும் ஒலியைக் குடிப்பார்கள் என்றாய், அதிலும் பட்டுப்புடவை அதிகம் குடிக்குமாம். எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஒவ்வொருத்தரா வெளில போங்கோ. ஒருத்தர் போனதும் அதே சுரத்தை வாசிக்கிறேன். மிச்சம் இருக்கறவா கேளுங்கோ."

"நான் முதல்ல போகமாட்டேன். முட்டி வலியோட வந்திருக்கேன்" என்றாள் மாமி.

"அப்போ நான் மட்டும் போகணுமா? நன்னாயிருக்கே!" என்றாள் பக்கத்து மாமி.

ஒரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் வெளியேறும்போதும் அந்தச் சுரம் ஒரு மயிரிழை நீண்டது. உள்ளே இருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். வெளியே போனவர்கள் வாசலில் காதைக் கொடுத்து நின்றார்கள். முட்டி வலி மாமி கடைசி ஐந்தாறு பேரில் இருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு அசையாமல். பிறகு அவளும் போனாள், கடமும் சங்கும் போயின. கடைசியில் என்னையும் அனுப்பினாய். நீ வெளியே வந்ததும், "உள்ள எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நானும் போனாத்தான்டி முழுசா கேக்கும். ஆனா அப்ப கேக்கறதுக்கு ஆளே இருக்காது."

அதை அன்று வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக்கு வருகிறேன். உச்சிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொள் என்று மாமியார் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் நானும் பாப்பாவோடு படியேறினோம். வெயில் நேரம், கூட்டமில்லை. பாறைக்குள் போகிற படிக்கட்டில் பாப்பா "ஆ" என்று கத்தினாள். பாறை அவளுக்குத் திருப்பிச் சொன்னது. அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் பொருட்படுத்தவில்லை, தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி கத்தினாள், மறுபடி வாயை மூடினாள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த "ஆ". அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

திறந்தவெளி வரும்வரை விறுவிறுவென்று ஏறினேன். அங்கே காற்று, வானம், முட்டிக்கொள்ளச் சுவரில்லை. அவளைச் சிரிக்கவைத்தேன். "ஆ, ஆ, ஆ" என்று இடைவெளியே விடாமல் கத்தினாள். உடனே திரும்பிக் கீழே இறங்கினேன்.

"ஏறினவ எதுக்கு எறங்குற? சாமி மேலதான் இருக்காரு" என்றார் அவர்.

"ஒரு நிமிஷம் இருங்க. பேசாதீங்க."

"லூசு மாதிரி பண்ணாத. திங்கக்கிழமை டாக்டர் சொல்லுவாங்கல்ல?"

பாறைக்குள் வந்ததும் பாப்பா கத்தினாள். காத்திருந்தாள். எச்சில் வழிந்தது, கண் மேலே பார்த்தபடி நின்றது. அவள் எதற்குத் திரும்புகிறாள் என்றே இத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று பார்க்கத் தோன்றவேயில்லை. எனக்கு ஒன்றும் கேட்காமல் போனதும் மேலே ஏறக் காலெடுத்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு. அவ இன்னும் கேட்டுட்டிருக்கா."

இது பரிசோதனை இல்லை என்று எனக்குத் தெரியும். சில ஒலி எட்டலாம், சில எட்டாமல் போகலாம். கருவி வைக்க வேண்டியும் வரலாம். பயம் போய்விட்டதென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று வரை கேட்கிறதா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விதான் என்னைத் தின்றது. இப்போது எந்த ஒலி, எவ்வளவு தூரம், எந்த இடத்தில் என்று கேள்விகள் பெருகிவிட்டன. இதெல்லாம் உன் கேள்விகள். இவற்றோடு இருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நாளைக்கு அவளைத் தூங்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். மடியில் போட்டுக்கொண்டு பாடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டுதான். தாழ ஒருமுறை, உச்சத்தில் ஒருமுறை. எதற்கு அவள் கண் சொருகுகிறது என்று பார்த்துக்கொண்டே பாடுவேன்.