வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த ஈரல்

பினாங்கு, 12.6.1982

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

ஒருவர் தரும் ஈரலை இன்னொருவருக்குப் பொருத்தும்வரை கெடாமல் வைக்க, பிராணவாயு சுமக்கும் திரவம் ஒன்றைச் சோதிக்கிறோம். பன்றி ஈரலில்தான்; கோபிக்காதீர்கள். நேற்று ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போனதால், ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கார யோகம்மா அக்கா சுத்த சைவம். மூடியைத் திறந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையில என்னடி இது!"

விளக்கிச் சொன்னேன். அவர் கணவர் ஈரல் கெட்டுத்தான் இறந்தார். அக்கா மூடியைத் திரும்ப மூடினார்.

"இங்கயே இருக்கட்டும்லா. ஐஸ் பத்துமா?" என்று கேட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மிளகாய்த்தூள் இரண்டு பொட்டலம் அனுப்புங்கள், ஒன்று அக்காவுக்கு. பஸ் வரும் நேரமாகிவிட்டது. உடனே பதில் போடுங்கள், அம்மா. உங்கள் போன கடிதம் படித்துப் படித்து மடிப்பில் கிழிந்துவிட்டது.

மகள்,
பத்மாவதி