அம்மணிக்கு ஓர் இலை

1-3-96, வெள்ளி

மாசியிலேயே வெயில் கொளுத்துகிறது. மாலை பூஜை முடித்து, சாமிக்குப் படைத்த சுண்டலோடு எங்கள் தோட்டத்தை ஒட்டிய விலங்குக் காப்பகத்துக்குப் போனேன். ஆராய்ச்சிக்கூடம் ஒன்று விட்டுவிட்ட சிம்பன்சி வந்திருக்கிறது. பாதி ஆயுள் கூண்டு, ஊசி. பார்த்துக்கொள்ளும் ஜெரோம் ‘அம்மணி’ என்று கூப்பிடுகிறான். அறைக்கதவு திறந்தே கிடக்கிறது. வெளியே புல், மாமரம். ஆனால் அவள் மண்ணில் கால் வைப்பதே இல்லையாம்.

பிரசாதமாயிற்றே என்று, பளபளவெனத் தேய்த்த எவர்சில்வர் தட்டில் நீட்டினேன். அலறிக்கொண்டு மூலைக்கு ஓடிவிட்டாள்.

“தட்டை மறைச்சுப்போடுங்கக்கா! அங்க ஊசி இப்படித் தட்டுலதானுங்க வருமாம்.”

முருகா, நான் என்ன செஞ்சுபோட்டேன்?

8-3-96, வெள்ளி

இன்று வாழையிலை. வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். இலையைத் தடவினாள், மோந்தாள். ஒவ்வொரு கடலையாகத் தின்றாள். பாதியை இலையோடு என் பக்கம் தள்ளினாள். எனக்கா?

“உங்களுக்குப் பிரசாதங்கக்கா,” என்று ஜெரோம் சிரித்தான். சாப்பிட்டேன்.

மனுசங்க கையால் அத்தனை பட்டவள். அந்த மனசு எனக்கு வருமா?

15-3-96

வீட்டுக்காரர்: “ஏம்புள்ள, எனக்கே அமாவாசைக்குத்தான் இலை. கொரங்குக்கு வாரா வாரமா?”

“நீங்களும் கதவைத் தாண்டாம உக்காருங்க, போடறேன்” என்றேன். சிரித்துவிட்டார்.

19-4-96, வெள்ளி

தின்று முடித்த இலையை அம்மணி எடுத்தாள். படிக்கு வெளியே, புல்மேல் விரித்தாள். கையால் அமுக்கிப் பார்த்தாள். ஒரு கால் அதன்மேல். வெகுநேரம் அப்படியே நின்றாள் – பிறகு மறுகால், புல்லில்!

யாரும் சொல்லித் தரவில்லை. அவளே கண்டுபிடித்தாள். ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டான். நான் கும்பிட்டேன். யாரை என்று கேட்டால் தெரியாது.

10-5-96

மாமரத்தடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரரும் நின்று பார்த்தார்.

22-7-96, திங்கள்

“அம்மணி போயிட்டாங்கக்கா.” வாசலில் ஜெரோம்.

ஈரல் கெட்டிருந்ததாம். பழைய மருந்தெல்லாம் தின்ற ஈரல். மாமரத்தடியில்தான் படுத்திருந்தாளாம். உள்ளே இல்லை. உள்ளே இல்லை.

13-8-96

கடலை ஊறப்போட்டேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

14-8-96, ஆடி அமாவாசை

மாமனார், மாமியாருக்குப் படையல். அந்த வரிசையில் அம்மணிக்கும் ஓர் இலை போட ஆசை. எப்படிக் கேட்பது? அவங்க அப்பா, அம்மாவோடு ஒரு சிம்பன்சியா? காலையிலிருந்து வாயே வரவில்லை.

அவர் தோட்டத்தில் இலை அறுத்து வந்தார். கழுவ எடுத்தால், மூன்று.

“ஏனுங்க, ஒன்னு சேத்தி அறுத்துட்டீங்களே?”

என் முகத்தைப் பார்க்காமல் கால் கழுவிக்கொண்டே கேட்டார்:

“சுண்டல் அவிச்சியா, இல்லியா?”